அதிகம் பேசாத ஆள் தேவை

12.12.2010, ஞாயிறு. கச்சிராயபாளையம்

மகள் பூமாலைக்குப் பிரசவம் ஜனவரி முதல் வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து முதல் பிள்ளை. தாய்வீட்டுக்கு வர வேண்டும். இந்த வீட்டில் தாய் இல்லை. என் மனைவி குஞ்சம்மாள் இறந்து, வருகிற தையோடு மூன்று வருடம்.

சம்பந்தியம்மா ராஜாம்பாள் நேற்று எலவனாசூர்கோட்டையிலிருந்து போனில் சொன்னார்: "பொம்பள இல்லாத வூட்ல பச்ச ஒடம்புக்காரிய எப்பிடி வுடறது சம்மந்தி? நல்ல ஆளா ஒண்ணு பாத்து வையுங்க, மூணு மாசம் அனுப்பி வைக்கறேன். இல்லன்னா ஆஸ்பத்திரிலருந்து நேரா இங்கதான்." அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் கேட்டிருப்பேனா? மனதில் நினைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் வரிசைப்படுத்தாமல் யோசிக்க வராது. நடக்க வேண்டியவை கீழே. இனி இந்த நோட்டில் எழுதுவதும் இவற்றைப் பற்றித்தான்.

1. ஆள் தேடுவது. அக்கம்பக்கத்தில் பிடிப்பதில்லை. முறையாகப் பயிற்சி பெற்றவள் வேண்டும்.
2. பின்கட்டு அறையைத் தயார் செய்வது. ஜன்னலுக்குக் கொசுவலை, தூளிக்குக் கொக்கி, வெந்நீருக்குப் பெரிய தவலை.
3. வருகிறவள் அதிகம் பேசாதவளாக இருக்க வேண்டும்.
4. அவர்கள் காரியத்தில் நான் தலையிடக் கூடாது. வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் கனைத்துவிட்டு உள்ளே நுழைவது.
5. மூன்று மாதம் கழித்துப் போகும்போது பூமாலைக்கு மறுபடி இங்கே வர ஆசை இருக்க வேண்டும்.

ஐந்தாவது ஒரு காரியமே இல்லை. அதை எப்படிச் செய்வது, செய்து முடித்தோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருந்தாலும் கோடு போட்டு அடிக்கவில்லை.

14.12.2010

தைலம்மாள் வந்தாள். இந்தத் தெருவில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு அவள்தான் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றியவள். நான் கூப்பிடவில்லை; செய்தி தானாகப் போயிருக்கிறது.

"கெமிஸ்டய்யா, எட்டு வருசம் களிச்சி தங்கிகீதே, எந்தச் சாமிக்கு வேண்டிக்கினீங்க? இல்ல, டாக்டரு மருந்தா? யாருக்குக் கொறன்னு சொன்னாங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. அவளுக்குப் பேச்சு என்றால் அப்படித்தான். ஆனால் பூமாலை எட்டு வருடமாக இந்தக் கேள்வியை எத்தனை வீட்டுக் கல்யாணத்தில், எத்தனை பஸ்ஸில் காதில் வாங்கியிருப்பாள்? போன வருடம் பொங்கலுக்கு வந்தவள் தெருவுக்கே போகாமல் இருந்துவிட்டுத் திரும்பினாள். பிள்ளை பெற்ற உடம்போடு வருகிறவளுக்கு நான் கொடுக்கக் கூடியது ஒன்றுதான்: யாரும் எதுவும் கேட்காத ஒரு வீடு. மூன்றாவது குறிப்பு அதற்காகத்தான்.

தைலம்மாளிடம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். "பார்க்கலாம்" என்றேன். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

17.12.2010

கள்ளக்குறிச்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அலுவலகம். வீட்டுக்கே வந்து நோயாளிகளையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் பெண்களை அனுப்புகிறார்கள். நடத்துபவர் பெயர் நாராயணசாமி. சின்ன வயது, வேகமான பேச்சு. என் தேவைகளைச் சொன்னேன். மூன்றாவதை இரண்டு முறை சொன்னேன். சிரித்தார். "பேச்சு கம்மியா, வேல ஜாஸ்தியா. எல்லாரும் அதான் சார் கேக்கறாங்க."

ஏஜென்சியை ஏன் தேர்ந்தெடுத்தேன்? பயிற்சி, சான்றிதழ், எல்லாம் சரி. இன்னொன்றும் உண்டு. வேலையில் குறை இருந்தால் நான் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆபீசுக்குப் போன் செய்தால் போதும்.

20.12.2010

இரண்டு பேரைப் பார்த்தேன். முதல் பெண் திருக்கோவிலூர். அனுபவம் அதிகம். நான் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் தான் வேலை பார்த்த மூன்று வீடுகளின் கதை வந்துவிட்டது. எந்த வீட்டு மருமகள் மாமியாரை என்ன சொன்னாள் என்பதுவரை.

அடுத்தவள் சாமியம்மாள். வெள்ளிமலைப் பக்கம். பத்தாவது முடித்துவிட்டுச் சேலத்தில் பயிற்சி எடுத்திருக்கிறாள். துண்டை மடித்துக் கொடுத்து இதுதான் குழந்தை என்றேன். கழுத்தைத் தாங்கி வாங்கினாள். கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லீங்க". பேட்டி முடியும்வரை துண்டைக் கீழே வைக்கவே இல்லை.

இவள்தான்.

28.12.2010

தைலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்று பொதுவாகத் தெருவுக்குச் சொன்னாள்: "சர்ட்டிபிகேட்டு தண்ணி ஊத்துமா, ஊத்தட்டும், ஊத்தட்டும்." நான் உள்ளே தூளிக் கொக்கி பொருத்திக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

5.1.2011

பெண் குழந்தை. ஆபரேஷன். இருவரும் நலம்.

நர்ஸ் என்னிடம் நீட்டினார். சம்பந்தியம்மாவைக் காட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

குஞ்சம்மாள் இருந்தால் இந்நேரம் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்திருக்கும்.

11.1.2011

வந்துவிட்டார்கள். மருமகன் கந்தசாமி கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையே திரும்பினார். பின்கட்டு அறையைப் பார்த்துவிட்டுப் பூமாலை, "எல்லாம் நீயே பண்ணியாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

15.1.2011

பொங்கல். பானையில் சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது.

20.1.2011

எல்லாம் நான் எழுதியபடி நடக்கிறது. சாமியம்மாளின் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குழந்தை பால் குடிக்கிறது, தூங்குகிறது. பூமாலைக்குப் பூண்டுக் குழம்பும் வெந்நீரும் நேரத்துக்குப் போகின்றன. நான் முன் அறையில் இருக்கிறேன். வெளியே போய் வந்தால் வாசலில் நின்று கனைக்கிறேன். தாய்ப்பால் கொடுக்கிற பெண் இருக்கும் வீட்டில் ஆண்பிள்ளை அப்படித்தான் வர வேண்டும். என் அப்பா அப்படித்தான் வந்தார்.

பேச்சே இல்லை. நான் விரும்பிய அமைதி. சுவர்க்கடிகாரத்தின் சத்தம் பின்கட்டுவரை கேட்கிறது.

ஆனால் பூமாலை சரியாகச் சாப்பிடுவதில்லை. பின் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். பனி மூடி மலை தெரியாத நேரத்திலும் அங்கேயேதான் பார்க்கிறாள். இன்னாம்மா வேணும் என்று கேட்டேன். ஒண்ணுமில்லப்பா என்றாள். நான் சரி என்று வந்துவிட்டேன். ஏன் சரி என்றேன்?

24.1.2011

தட்டில் பாதிச் சோறு திரும்பி வந்தது.

27.1.2011

இன்று பூமாலை முன் அறைக்கு வந்து நின்றாள். குழந்தை தோளில் இருந்தது. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மாமியார் குழந்தையைப் பார்க்க வருகிறார்களாம். அதே வேனில் தானும் கிளம்புவதாகச் சொன்னாள்.

மூணு மாசம்னு சொன்னாங்களே என்றேன்.

"ஒனக்கு ஏம்பா செரமம்? நீ எல்லாம் நல்லாத்தான் பண்ணிவெச்சிகிற. இந்த வூட்ல எனக்கு மூச்சு முட்டுது, அவ்ளோதான். பேசறதுக்கு ஒரு ஆளு இல்ல. அந்தப் பொண்ணு நீ இருந்தா வாயே தெறக்க மாட்டேங்குது. அம்மா இருந்தா..."

முடிக்காமல் உள்ளே போனாள்.

போகாதே என்று சொல்லலாம். எந்த உரிமையில்? எதைக் காட்டி? ஜன்னல் வலையையா?

அவள் இங்கே இருக்க வேண்டும் என்பதற்குத்தானே இத்தனையும் செய்தேன். இந்த வீட்டில் குஞ்சம்மாளின் பேச்சு நின்ற பிறகு நான் கேட்க ஆசைப்பட்டது இவள் குரலைத்தான். அவளை நானே வாயைப் பொத்தி உட்கார வைத்திருக்கிறேனா? இல்லை, பூமாலையின் மனக்குறைக்கு அந்தப் பெண்தான் காரணமா? ஆளை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?

29.1.2011

ஆளை மாற்றச் சொல்லத்தான் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

வீட்டை நெருங்கும்போது சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டில் என்று நினைத்தேன். இல்லை. என் வீட்டில். பூமாலை சிரிக்கிறாள். மூச்சு வாங்க, இருமல் வர, சின்ன வயதில் சிரித்த அதே மாதிரி. வேலியோரம் நின்றுவிட்டேன். பேசிக்கொண்டிருந்தது சாமியம்மாள்.

"...பனின்னா பனி அக்கா, எதுத்தாப்ல நிக்கற மாடு தெரியாது. கடுக்கா பொறுக்கப் போன எங்க மாமா வேடியப்பன் பாக்கறாரு, கறுப்பா ஒண்ணு குனிஞ்சிக்கினே வருது. கரடின்ட்டு ஒரே தாவு, மரத்து மேல. அது இன்னா பண்ணுது? நேரா வந்து அந்த மரத்தடியிலயே குந்திக்கிச்சி."

"அய்யோ. அப்பறம்?"

இந்த இடத்தில் நான் கனைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாசலில் கால் வைத்ததும் தொண்டை தானாகச் செய்துவிட்டது.

உள்ளே சட்டென்று எல்லாம் நின்றது. நான் போனபோது சாமியம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பூமாலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். குழந்தைகூட விழித்துக்கொண்டு பேசாமல் கிடந்தது.

சட்டையைக் கழற்றி மாட்டினேன். கடிகாரச் சத்தம்.

30.1.2011

நாராயணசாமிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் ஏன் என் எதிரில் பேசுவதில்லை என்று கேட்டேன். ஏதோ குற்றம் சொல்லுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பேசுதா சார்? நான் கண்டிசனா சொல்லித்தான் அனுப்பிச்சேன். அய்யாவுக்குப் பேச்சு ஆவாது, வாயத் தெறந்தா வேல பூடும்னு. மறுபடி சொல்றேன் சார்."

வேண்டாம், வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஆக அது அவள் சுபாவம் இல்லை. நான் கேட்டு வாங்கியது. அன்று பேட்டியில் துண்டைப் பிடித்துக்கொண்டு "ஆமாங்க, இல்லீங்க" என்றாளே, அதுவும் யாரோ சொல்லிக் கொடுத்துத்தான்.

1.2.2011

காலையும் மாலையும் கோமுகி அணைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். முன்பைவிட அதிக நேரம். நான் இல்லாதபோது அவர்கள் பேசட்டும். அணைக்கரையில் உட்கார்ந்தால் மலை நேர் எதிரில். கரும்பு லாரிகள் போகின்றன. கூட வேலை பார்த்த ஒருவர் வந்து, வீட்டில் பேத்தி இருக்கும்போது இங்கே தனியாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். காற்றுக்காக என்றேன்.

என் வீட்டில் சிரிப்பு இருக்க வேண்டுமானால் நான் வெளியே இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டேன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று எழுத நினைத்தேன்.

வேடியப்பன் என்ன ஆனான் என்று வேறு தெரியவில்லை.

3.2.2011

சாமியம்மாளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாக்கியத்தைக் காலையிலேயே தயார் செய்தேன்: "நீ தாராளமாகப் பேசலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை." மறுபடி யோசித்தால் மேலதிகாரி உத்தரவு போல இருக்கிறது. "எனக்கும் பேச்சுப் பிடிக்கும்" என்று மாற்றினேன். அது பொய் மாதிரி இருந்தது. பொய்யா?

மதியம் அவள் சோறு வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பயந்துபோய் நின்றாள்.

"ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது" என்றேன்.

"சரிங்கய்யா" என்றாள்.

4.2.2011

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இன்று ஒழுங்காக எழுத வரவில்லை.

பூமாலைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள். கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சாமியம்மாள் சாம்பிராணித் தட்டின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஈர முடியைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒருவரும் பேசவில்லை, ஏனென்றால் நான் இருந்தேன். வெளியே போக எழுந்தேன். அப்போது தூளியில் குழந்தை அழுதது. சாமியம்மாளுக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. பூமாலையால் கூடையில் பரப்பிய முடியோடு எழ முடியாது. சாமியம்மாள் முடியை விட்டுவிட்டு ஓடிப்போய்க் குழந்தையை எடுத்து வந்து, "புடிங்கய்யா" என்று என் கையில் வைத்துவிட்டு மறுபடி சாம்பிராணிக்குப் போய்விட்டாள். நான் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நேரம் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சூடாக இருந்தது. எடையே இல்லை. என் முகத்தை முறைத்துப் பார்த்தது. குஞ்சம்மாளின் நெற்றி.

அழுகை நின்றுவிட்டது. கூடத்தில் புகை. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேன் வரும். இவர்கள் போய்விடுவார்கள். தயார் செய்து வைத்த வாக்கியம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"அந்த வேடியப்பன் மரத்துலருந்து எறங்கினானா, இல்லியா?"

சாமியம்மாளின் கை அப்படியே நின்றது. பூமாலை திரும்பிப் பார்த்தாள்.

"எந்த வேடியப்பம்பா?"

"அதான், கரடி... மரத்தடியில குந்திக்கிச்சே."

"ஒட்டுக் கேட்டியா நீ?"

நான் குழந்தையைப் பார்த்தேன். ஆமாம் என்றேன். வேலிக்குப் பின்னால் நின்றேன் என்றும் சொன்னேன். பூமாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடி கூடையிலிருந்து நழுவி விழும்வரை சிரித்தாள். வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ வலிக்குதுப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். சாமியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஆபீசுல சொல்லிடுவீங்களாய்யா?"

அந்தப் பெண் இத்தனை நாளும் எதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் வீட்டில் நடமாடியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சொல்ல மாட்டேன். பேச வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். தெரியாம சொல்லிட்டேன். மீதிக் கதயச் சொல்லும்மா."

அவள் பூமாலையைப் பார்த்தாள். பூமாலை தலையாட்டினாள்.

"இன்னா ஆவுமுங்க? வெயிலு ஏறி பனி வெலகிச்சி. பாத்தா கரடி இல்லீங்கய்யா, எங்க மாமாவோட மாமியாக்காரி. கறுப்புக் கம்பளியப் போத்திக்கினு அதுவும் கடுக்கா பொறுக்க வந்துகீது."

"அப்ப எறங்கிட்டாரா?" என்றாள் பூமாலை.

"எங்க எறங்கனாரு? கரடின்னு நெனச்சிக்கினு இருந்தப்ப நடுக்கெளையில இருந்தாரு. மாமியான்னு தெரிஞ்சதும் உச்சிக்குப் பூட்டாரு."

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன் போலிருக்கிறது. குழந்தை திடுக்கிட்டு அழுதது. யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. நானே ஆட்டிச் சமாதானம் செய்தேன்.

6.2.2011, ஞாயிறு

வேன் வந்தது. ராஜாம்பாள் சம்பந்தியம்மா பனிக்குக் கறுப்புச் சால்வையை முக்காடாகப் போர்த்திக்கொண்டு இறங்கினார். பூமாலை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சாமியம்மாள் அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டாள்.

அவரே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். பேத்தியின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றுவதைக் கூடவே நின்று பார்த்து, மூக்கில் எண்ணெய் ஊதவில்லையே என்று கேட்டார். ஊதக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்கம்மா என்றாள் சாமியம்மாள். இருவருக்கும் வாக்குவாதம் வந்து, அதிலிருந்து இருவர் ஊர்ப் பிரசவக் கதைகளும் வந்து, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

கிளம்பும்போது, துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியாம்மா என்று கேட்டார். பூமாலை என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மூணு மாசம் முடிச்சிட்டே வரேன் அத்த. அப்பா இப்பதான் கொழந்தயத் தூக்கக் கத்துக்கினு கீறாரு."

சம்பந்தியம்மா என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று வேனில் ஏறினார்.

19.2.2011

தைலம்மாள் இப்போது தினமும் வருகிறாள். முதல் நாள், தண்ணீர் ஊற்றும் லட்சணத்தைப் பார்க்க என்று வந்தாள். பிறகு காரணம் சொல்வதில்லை. அந்தப் பழைய கேள்வியை நேராகப் பூமாலையிடமே கேட்டாள், யாருக்குக் குறை என்று. பூமாலை பட்டென்று சொன்னாள்: "ஒனக்குத்தான். ஊர்க்கத தெரியலன்னா ஒனக்குத் தூக்கம் வராதே." தைலம்மாளே முதலில் சிரித்தாள்.

எட்டு வருடமாக நான் பயந்த கேள்வி. அவ்வளவுதான் அது.

12.3.2011

வாசலில் கனைத்தேன். உள்ளே பேச்சு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

11.4.2011, திங்கள்

நேற்று போய்விட்டார்கள். வேனில் ஏறும்போது பூமாலை, "ஆடிக்கு வருவேம்பா. சாமியம்மாவுக்கும் சொல்லி வை" என்றாள். சாமியம்மாள் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலில் வாய் அசைந்தது.

இன்று மாலை அணைப் பக்கம் போய் வந்து வாசலில் கனைத்தேன். பழக்கம். கடிகாரம் மட்டும் இருந்தது. தூளிக் கொக்கியைக் கழற்றவில்லை. ஆடி வருவதற்கு எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கப் போனேன். பாதியில் திரும்பிவிட்டேன்.

நாராயணசாமி போன் செய்தார். சங்கராபுரத்தில் ஒரு வீட்டில் ஆள் கேட்கிறார்களாம். அமைதியான பெண்ணாக வேண்டுமாம். சாமியம்மாளை அனுப்பலாமா, வேலை எப்படி என்றார். நல்ல வேலைக்காரி என்றேன். அவர் வைக்கப் போனார். நான் வைக்க விடவில்லை.

"அமைதியான பெண் என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவள் நிறையப் பேசுவாள். அதையும் சேர்த்துத்தான் அந்த வீட்டில் சொல்ல வேண்டும். பேசக் கூடாது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்."

சரி சார் என்றார். ஒருவரிடம் போனில் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. தப்பான அளவை எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. எழுதியது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். டிசம்பர் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது குறிப்பு தவறு. கோடு போட்டு ஒப்பம் வைத்துவிட்டேன்.